சிவப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும்

அந்தத் தெருவில் அவளுக்கு நீலக்கை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் காகிதங்களில் மட்டும்தான் இருந்தது. சாயத்தில் முக்கி முக்கி இரண்டு கையும் மணிக்கட்டுக்கு மேல் நாலு விரல்கடை வரை நீலமாகிவிட்டன. உறை போட்டால் துணியின் வழவழப்பு தெரியாது என்று போடமாட்டாள். புதிதாக வந்த பால்காரர் முதல் நாளே அவள் கையைப் பார்த்துப் பயந்துபோய், "அம்மா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

"போயிட்டுத்தான் வரேன். அங்க டாக்டர் கைக்கும் கொஞ்சம் பூசிவிட்டு வந்திருக்கேன்" என்றாள் அவள்.

அவள் செய்தது ஒட்டுப்போர்வை. வெள்ளைத் துணியை வாங்கித் தானே சாயம் போடுவாள். காய்ந்ததும் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து மேல்துணி தைப்பாள். நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி, மூன்றையும் சேர்த்துக் கையாலேயே சின்னச் சின்ன ஓட்டுத்தையல். ஒரு போர்வைக்கு ஆறு வாரம் ஆகும். இருந்தது இரண்டே அறை. முன்னறையில், கீல் கழற்றிய ஒரு பழைய கதவை இரண்டு டிரங்குப் பெட்டிமேல் போட்டு அதையே மேசையாக்கியிருந்தாள். கைப்பிடி இருந்த ஓட்டையில் கத்தரிக்கோல் நிற்கும். பின்னறையில் இரண்டு அடுப்பு, ஒன்று சோற்றுக்கு, ஒன்று சாயத்துக்கு. பாத்திரம் மாறிவிடாமலிருக்க, சாயப் பாத்திரங்களின் காதில் நூல் கட்டியிருக்கும். அதற்குப் பின்னால் கொடிகள் கட்டிய கொல்லை.

சாயப்பொடி மாவைவிட மெல்லியது, டப்பாவைத் திறந்தாலே பறக்கும். அதனால் திறப்பதற்கு முன் மூச்சை இழுத்து அடக்கிக்கொள்வாள். அடக்கிய மூச்சிலேயே கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டு, டப்பாவை மூடிவிட்டு, கொல்லைக்குப் போய்த்தான் மூச்சுவிடுவாள். ஒரு காலத்தில் ஒரு மூச்சுக்குப் பத்துக் கரண்டி. இப்போது நாலுதான் வருகிறது. ஐந்தாவது கரண்டிக்குப் போனால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

அப்படியும் மூக்கு தப்பவில்லை. ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்தது. சளி போயிற்று, மோப்பம் திரும்பவில்லை.

"பொடிதான் காரணம். முகமூடி போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"போட்டா கண்ணாடி மங்குது டாக்டர். நிறம் தெரியலன்னா என்ன வேலை பாக்கறது?"

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு மூக்கு நாத்தனார்தான். கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டோடேயே தங்கிவிட்ட நாத்தனார். அண்ணன் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகியும் அண்ணியை விட்டுப் போகவில்லை. ஓரம் மடிப்பதும் பஞ்சு பரப்புவதும் அவள் வேலை. அதோடு, "அண்ணி, பால் தீயுது", "அண்ணி, கேஸ் மூடல", "அண்ணி, இன்னைக்கு நீங்க குளிச்சே ஆகணும்" என்று குரல் கொடுப்பதும் அவள் வேலை.

"உன் மூக்கு எதுக்குத்தான் இவ்வளவு வேலை செய்யுது? வாய்க்குக் கொஞ்சம் லீவு கொடு" என்பாள் நீலக்கை.

"வாய்க்கு லீவு கொடுத்தா அப்புறம் இந்த வீட்டுல பேசறதுக்கு யாரு, உங்க சாயச்சட்டியா?"

இருவரும் இப்படித்தான் நாள் முழுக்க. சண்டை என்று சொல்லும்படி வந்தது ஒரே ஒரு தடவை. கணவன் இறந்த மறுமாதமே அவனுடைய எட்டுச் சட்டைகளையும் நீலக்கை சலவைச் சோடா போட்டு அவித்து, வெட்டி, வேறு யாருக்கோ போன ஒரு போர்வைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். நல்ல பருத்தி, சும்மா கிடந்து மக்குவானேன் என்று நினைத்தாள். நாத்தனார் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. எதற்குக் கோபம் என்று நீலக்கைக்குப் புரியவேயில்லை.

துணி விஷயத்தில் அவளுக்கு ஒரே சட்டம். புதிதோ பழையதோ, சோடாவில் அவிக்காமல் எந்தத் துணியும் மேசைக்கு வரக்கூடாது. புதுத்துணியில் கஞ்சி இருக்கும். உடுத்திய துணியில் வியர்வையும் எண்ணெயும் இருக்கும். அவை இருக்கும் இடத்தில் சாயம் பிடிக்காது, திட்டுத் திட்டாய் நிற்கும். "துணியில பழைய ஆள் இருந்தா சாயம் ஏறாது" என்பாள்.

பூட்டுக்காரர் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. கடைத்தெரு முனையில் சாவி அடித்துக்கொடுக்கும் ஆள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு தலையணை உறை, உறை நிறையத் துணி. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார், ஆனால் மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

"பொண்ணோட துணிங்கம்மா. இருபத்திரண்டு வயசு. பஸ்ல இருந்து இறங்கினவளை வேன் அடிச்சிருச்சு. நாலு மாசம் ஆகுது."

நீலக்கை ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"எங்க வீட்டுல அவங்க தினம் அந்த அலமாரியைத் திறந்து, துணிக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கறாங்க. மணிக்கணக்கா நிக்கறாங்க. சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல. இதையெல்லாம் போர்வையாத் தச்சுக் கொடுத்தா போர்த்திக்கிட்டுப் படுப்பாங்க இல்ல? காலும் வலிக்காது." சட்டைப்பையிலிருந்து சுண்ணாம்புச் சில்லு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வெளிர்ப் பச்சை. "அவ அறைச் சுவர். இந்த நிறத்துல அடித்துணி போட முடியுமா?"

"முடியும் அண்ணே. வெள்ளைச் சட்டைங்களையும் இதே பச்சைல முக்கிடலாம்."

"அவங்களுக்குத் தெரியாது. டாக்டரைப் பாக்கப் போயிருக்காங்க, அந்த நேரத்துலதான் எடுத்துட்டு வந்தேன். முடிச்சுட்டுக் காட்டலாம்னு."

அவர் போன பிறகு உறையை மேசையில் கவிழ்த்தாள். நாலு வெள்ளைச் சட்டை, இரண்டு பாவாடை, பூப்போட்ட ஒரு நைட்டி, ஒரு பைஜாமா, சிவப்பில் ஒரு முழுக்கைச் சட்டை. அதன் கைகள் முழங்கை வரை மடித்துச் சுருட்டியபடியே இருந்தன. பெண் வேலைக்குப் போகும்போது மடித்துவிட்டதாக இருக்கும்.

அன்றைக்கு நாத்தனார் வீட்டில் இல்லை. கடைவாய்ப்பல் பிடுங்கப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் மூட்டை அவிழ்ந்த அந்த நிமிடமே ஏதாவது சொல்லியிருப்பாள். நீலக்கைக்குத் துணி துணியாகத்தான் தெரிந்தது. அந்த அம்மா அலமாரிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று பூட்டுக்காரர் சொன்னது காதில் விழாமல் இல்லை. அழுகையை மறைக்க அப்படி நிற்கிறாள் போலும் என்று நினைத்தாள். மூக்கில்லாதவளுக்கு வேறென்ன தோன்றும்?

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. சோடாவைப் போட்டாள். சட்டைகள், பாவாடைகள், நைட்டி, பைஜாமா, கடைசியில் தலையணை உறை. கழியால் அமுக்கி அமுக்கி முக்கால் மணி நேரம் அவித்தாள். தண்ணீர் பழுப்பாக மாறியது. நன்றாக அழுக்குப் போகிறது என்று திருப்தியாக இருந்தது. சிவப்புச் சட்டையை மட்டும் சாய அலமாரிக்கு அடியில் இருந்த கூடையில் போட்டாள். சிவப்பைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும். சேர்த்துப் போட்டால் எல்லாவற்றையும் இளஞ்சிவப்பாக்கிவிடும். சிவப்புக்கு அவள் வைத்திருந்த நாள் புதன்.

மறுநாள் பத்து மணி இருக்கும். கதவைத் தட்டாமலேயே ஒருத்தி உள்ளே வந்தாள். தலை வாரவில்லை. ஒரு செருப்பு ஒரு நிறம், இன்னொன்று வேறு நிறம்.

"அக்கா, பூட்டுக்கடையிலிருந்து வரேன். அவர் நேத்து இங்க கொடுத்தாராமே. துணி. அதைக் கொடுத்துடுங்க. போர்வையெல்லாம் வேண்டாம். அவருக்குத் தெரியாது, பாவம், நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சிருக்கார். கொடுத்துடுங்க."

"உக்காருங்கம்மா. கொடுத்துடறேன். இன்னும் வெட்டல, கவலப்படாதீங்க. அப்படியே முழுசா இருக்கு."

அந்த அம்மாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "வெட்டலையா? நல்லவேளை. துவைக்கவும் இல்லையே?"

மேசையருகே வீங்கிய கன்னத்தோடு பஞ்சு பரப்பிக்கொண்டிருந்த நாத்தனாரின் கை நின்றது. அண்ணியைப் பார்த்தாள். கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நாத்தனாருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. நீலக்கைக்குப் புரிய இன்னும் கொஞ்சம் ஆயிற்று.

"அவிச்சுட்டேம்மா" என்றாள். "வந்ததுமே அவிச்சுடறது வழக்கம். காலைலதான் அலசிக் கொடியில போட்டேன்."

அந்த அம்மா கத்தவில்லை. நேராகப் பின்னறையைத் தாண்டிக் கொல்லைக்குப் போனாள். முதல் சட்டையில் முகத்தை வைத்தாள். அடுத்ததில் வைத்தாள். வரிசையாக ஒன்று விடாமல், அக்குள் பக்கம், கழுத்துப்பட்டி, பாவாடையின் இடுப்புநாடா என்று தேடித் தேடி முகத்தை வைத்தாள். ஈரம் அவள் கன்னத்திலும் நெற்றியிலும் ஒட்டியது. நைட்டியில் மட்டும் ரொம்ப நேரம் நின்றாள்.

"தலையணை உறை?" என்றாள் திரும்பாமல்.

"அதையும் போட்டுட்டேன்."

"அதுலதான் அவ தலை எண்ணெய் இருந்துச்சு."

நீலக்கை கொல்லைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் நாத்தனார், வாய் சரியாகத் திறக்காமல், "அண்ணி, சிவப்பு ஏதாவது இருந்துச்சா? இன்னைக்குச் செவ்வாய்தானே?" என்றாள்.

மூவரும் சாய அலமாரிக்கு ஓடினார்கள். கூடையில் நேற்றுப் போட்டபடி கிடந்தது சிவப்புச் சட்டை. அந்த அம்மா இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் புதைத்துக்கொண்டாள். நீலக்கை அவள் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. இன்னொரு தடவை. பிறகு முகத்தை எடுத்தாள்.

"உங்க வீட்டு வாசனைதான்கா வருது."

கோபமாகச் சொல்லவில்லை. இருப்பதை அப்படியே சொன்னாள். நீலக்கை அதுவரை தன் வீட்டுக்கு ஒரு வாசனை உண்டு என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. "என்ன வாசனை?" என்றாள், முட்டாள்தனமாக.

"சோடா. புளிச்ச மாதிரி என்னமோ. ஆவி."

ஒரே ஒரு ராத்திரி. சட்டை அத்தனையையும் குடித்துவிட்டது.

பிறகு அந்த அம்மா சட்டையின் கையைப் பார்த்தாள். சுருட்டிய மடிப்பு. ஒரே ஒரு சுற்றை மட்டும் மெல்லப் பிரித்து, உள்பக்கத்தில் மூக்கை வைத்தாள். உடனே, திறந்த வேகத்தில், திரும்ப மடித்துக் கையால் பொத்திக்கொண்டாள். இருந்ததா இல்லையா என்று சொல்லவில்லை. பொத்திய விதத்தில்தான் தெரிந்தது.

"மூடி வைக்க ஏதாவது கொடுங்க. சீக்கிரம்."

நாத்தனார் ஒரு பை எடுத்தாள், மோந்து பார்த்து, போட்டாள். டப்பா ஒன்றை எடுத்தாள், அதையும் போட்டாள். சோற்றுப் பாத்திரம், மாவு டின், துணி வைக்கும் பெட்டி எதுவும் தேறவில்லை. "அண்ணி, எல்லாத்துலயும் நம்ம வாசனைதான் இருக்கு" என்றாள். குரலில் நக்கலே இல்லை. அந்த அம்மா காத்திருக்கவில்லை. சட்டையைத் தன் உடுப்புக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள்.

நீலக்கை எதிர்வீட்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினாள். "டீச்சர், மூடி போட்ட ஜாடி ஒண்ணு, எதுவும் போடாதது, புதுசு இருந்தா கொடுங்க, அப்புறம் சொல்றேன்." டீச்சர் ஊறுகாய்க்கென்று வாங்கி இன்னும் ஒட்டுச்சீட்டுகூடக் கிழிக்காத பெரிய வாய்க் கண்ணாடி ஜாடியைக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள். நெஞ்சு நாலு எட்டுக்கு ஒருமுறை அடைத்தது. தெருவில் இருந்தவர்கள், நீலக்கை ஜாடியோடு எங்கே ஓடுகிறாள், சாயம் பொங்கிவிட்டதா என்று சிரித்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"புதுசும்மா. டீச்சர் வீட்டுது. எங்க வீட்டுக்குள்ள கொண்டே போகல."

"நீங்க தொடாதீங்கக்கா."

"தொடல. பிடிச்சுக்கிட்டு மட்டும் நிக்கறேன். நீங்களே போடுங்க."

ஜாடியைத் திறந்து, கையை நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டாள். முகத்தை மறுபக்கம் திருப்பினாள். பொடி டப்பா திறக்கும்போது செய்வதுபோல மூச்சை அடக்கிக்கொண்டாள். தன் மூச்சில் என்ன இருக்கிறது என்று இனி அவளுக்கு எப்படித் தெரியும்? ஓடிவந்த நெஞ்சு நாலு கரண்டி நேரம்கூடத் தாங்காது போலிருந்தது. சட்டை ஜாடிக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. மூடி திருகும் சத்தம் கேட்டது. ஒரு சுற்று, இரண்டு, மூன்று, இன்னும் கொஞ்சம் இறுக்கம். கண்ணில் பூச்சி பறந்தது. அப்படியும் மூச்சை விடவில்லை.

"ஆச்சுக்கா" என்றது குரல்.

பஸ் வந்தது. அந்த அம்மா ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று இவளும் எதிர்பார்க்கவில்லை.

சனிக்கிழமை பூட்டுக்காரர் வந்தார். வாசற்படியிலேயே நின்றார்.

"என் மேலதான் தப்பும்மா. கேட்டிருக்கணும்."

"அவிச்சது நான்தானே அண்ணே. எப்படி இருக்காங்க?"

"ஜாடியை மேசையில வச்சுப் பாத்துக்கிட்டே இருக்காங்க. திறக்கறதில்ல. திறந்தா குறைஞ்சுடுமாம். ஒரே ஒரு தடவைதான் இருக்கும்னு சொல்றாங்க. அந்த ஒரு தடவையை எப்ப எடுக்கறதுன்னு அவங்களுக்குத் தெரியல." கொஞ்ச நேரம் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். தளர்ந்திருந்த ஒரு திருகாணியைப் பையிலிருந்த கருவியால், யாரும் கேட்காமலே, இறுக்கினார். "இந்தத் துணியெல்லாம் இங்கயே இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுபோனா கண்ணுல படும்."

"தைக்கட்டுமா?"

"வேண்டாம்மா."

அவர் போன பிறகு நீலக்கை அந்தத் துணிகளை எடுத்து மடித்தாள். பளிச்சென்று வெளுத்து, மடிப்பு மடிப்பாக நின்றன. சாயம் ஏறுவதற்கு இதைவிடத் தயாராக எந்தத் துணியும் இருக்க முடியாது. மேல் தட்டில் வைத்தாள். பச்சைச் சில்லை அவற்றின்மேல் வைத்தாள்.

"அன்னைக்கு ரெண்டு நாள் பேசாம இருந்தியே, உங்க அண்ணன் சட்டைங்களுக்காகத்தானா?" என்று கேட்டாள்.

நாத்தனார் பஞ்சைப் பிய்த்துக்கொண்டே, "இப்ப எதுக்கு அது?" என்றாள்.

"சொல்லு."

நாத்தனார் எழுந்து தன் பெட்டிக்குள் கையைவிட்டு, அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்தாள். பழைய கோடுபோட்ட துண்டு. அண்ணன் கடைசியாகத் தோளில் போட்டிருந்தது. "இதை மட்டும் உங்க கண்ணுல படாம எடுத்து வச்சுட்டேன். துவைக்கல."

நீலக்கை அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். இழுத்து இழுத்துப் பார்த்தாள். துணியின் சொரசொரப்பு கன்னத்தில் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. திருப்பி நீட்டினாள்.

"நீ பாத்துச் சொல்லு. இருக்காரா?"

நாத்தனார் துண்டை மூக்கில் வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவேயில்லை.

"இருக்கார் அண்ணி. பீடி வாசனை. அந்தத் தலைவலித் தைலம். அப்படியே இருக்கு."

சாய அலமாரிக்கு அடியில் ஒரு சட்டை ஒரே ராத்திரியில் இந்த வீட்டைக் குடித்துவிட்டது. துண்டு இந்த வீட்டில் கிடப்பது மூன்று வருடம். நீலக்கைக்கு அந்தக் கணக்கு தெரியாமல் இல்லை.

"சரி, பத்திரமா உள்ள வை" என்றாள்.